பச்சைப் பெட்டியும் சிவப்புப் பெட்டியும்

அன்றைக்குச் சென்னையில் அந்தக் கம்ப்யூட்டர் கடைக்குள் ஐந்து பேர் இருந்தோம். கல்லாவில் கடைக்காரர், மேசைக்குப் பின்னால் ஸ்குரூ டிரைவரோடு டெக்னீஷியன், மகன் கேம் விளையாட கார்டு வாங்க வந்து மூன்றாவது கடையாக விலை கேட்டுக்கொண்டிருந்த ஒரு சார், நான், என் கணவருடைய அண்ணன் மனைவியான என் ஓர்ப்படி. மேசைமேல் இரண்டு கிராபிக்ஸ் கார்டு பெட்டிகள், ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. தரையில் மீனுக்கு ஐஸ் போடுகிற வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி. அதற்குள் போர்வை சுற்றிய எங்கள் கம்ப்யூட்டர்.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பழவேற்காட்டில் ஒரு ஸ்டுடியோவில் நான்கு வருஷம் கூடமாட இருந்து கல்யாண வீடியோ எடிட்டிங் கற்றுக்கொண்டேன். பிறகு லைட்ஹவுஸ் குப்பத்தில் எங்கள் வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் போட்டேன். அதில் பாதிப் பணம் ஓர்ப்படியுடையது. அவள் மீன் ஏலம் எடுத்து விற்கிறவள். கம்ப்யூட்டரைத் திறந்து மூடக்கூடத் தெரியாது, ஆனால் எந்தக் கல்யாணத்துக்கு எவ்வளவு கேட்க வேண்டும் என்று அவளுக்குத்தான் தெரியும். நான் எதற்கும் பயப்படுகிறவள். இடி இடித்தால் எல்லா பிளக்கையும் பிடுங்குவேன். முடித்த வீடியோவை மூன்று இடத்தில் காப்பி எடுத்து வைத்துவிட்டு, நாலாவது இடம் இல்லையே என்று கவலைப்படுவேன்.

அந்த வருஷம் ஆடி மாதத்தில் கம்ப்யூட்டரில் படம் காட்டுகிற கிராபிக்ஸ் கார்டு செத்துப்போனது. ஆவணியில் மூன்று கல்யாணம் ஒப்புக்கொண்டிருந்தோம். என் சீட்டுப் பணம் பதினாறாயிரம் இருந்தது. இறால் வலை வாங்க வைத்திருந்த பதினாறாயிரத்தை ஓர்ப்படி எடுத்து வந்து என் மடியில் போட்டாள். "ஐப்பசிக்குள்ள இந்தத் துட்டு என் கைக்குத் திரும்பி வரணும்டீ. இல்லன்னா எம் புருசன் கிழிஞ்ச வலையோடதான் ஏரில எறங்கணும்" என்றாள். அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைக்கு முழுக் கம்ப்யூட்டரையும் தூக்கிப் போகலாம் என்றது அவள்தான். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மீனையும் வாங்காதவள் அவள். மீஞ்சூரில் ரயில் ஏறியதும் எதிர் சீட்டில் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னாம்மா பொட்டில, மீனா?" என்றார்.

"மீன் இல்ல சார், கம்ப்யூட்டரு."

"கம்ப்யூட்டர் ஏம்மா இப்படி நாறுது?"

"நாலு வருசமா எங்க வூட்ல கீது. நாறாம இன்னா பண்ணும்?"

ரயில் பெட்டியே சிரித்தது. நான் மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கடையில் அவள் முதலில் செய்தது, இரண்டு கார்டையும் கைக்கொன்றாக வைத்து எடை பார்த்ததுதான். "ரெண்டும் ஒரே கனம்தான் கீது. இது முப்பத்தோராயிரத்து ஐந்நூறு, அது இருபத்தேழாயிரம். ஏண்ணே?" கடைக்காரர், பச்சைக்குப் பேர் அதிகம், சிவப்பில் குறைந்த பணத்துக்கே மெமரி அதிகம் என்று சொல்லத் தொடங்கினார். கேம் கார்டு வாங்க வந்த சார் குறுக்கே புகுந்து, எந்தக் கேமில் எது ஒரு நொடிக்கு எத்தனை படம் காட்டும் என்று செல்போனில் இருந்து படித்தார். ஓர்ப்படி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க கல்யாணத்துல யாரும் சுட்டுக்கினு ஓடமாட்டாங்க சார். பொண்ணும் மாப்பிளையும் நடந்துதான் வருவாங்க" என்றாள். அவரும் சிரித்துவிட்டார்.

பிறகு அவள் இறாலுக்குக் கிலோவுக்கு எத்தனை என்று எண்ணுகிற மாதிரி ஒரு கணக்குப் போட்டாள். நான் கொண்டுபோயிருந்த நலங்குப் பாட்டு வீடியோ ஒன்றை டெக்னீஷியன், அங்கே தயாராகத் திறந்திருந்த கடைக் கம்ப்யூட்டரில் இரண்டு கார்டிலும் ஓட்டிப் பார்த்தார். வீடியோ முழுசாக வெளியே வர, பச்சைக்கு ஐந்து நிமிஷம், சிவப்புக்கு ஆறே கால். "ஒண்ணே கால் நிமிசம். அதுக்கு நாலாயிரத்து ஐந்நூறு ரூபாயா? அந்த நேரத்துக்கு நான் ஒரு டீ குடிச்சிட்டு வருவேன். செவப்பையே போடுங்க" என்று தீர்த்துவிட்டாள். மிச்சம் நாலாயிரத்து ஐந்நூறு வலைக்கே போய்விடும். சரியான கணக்கு. யாராலும் குறை சொல்ல முடியாது.

எனக்கு மட்டும் ஒப்பவில்லை. ஓட்டிப் பார்த்தது கடையின் கம்ப்யூட்டரில். எங்கள் கம்ப்யூட்டரில் ஓடுமா? கரண்ட் பிரித்துக் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் பெட்டி எங்களுடையது சின்னது. 'எங்களதுல ஒரு தடவை சொருகிப் பாருங்கண்ணே' என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் திறப்பார்கள். திறந்தால் நான் மறைத்தது வெளியே வந்துவிடும்.

கார்டு கரண்ட் ஏறி இறங்கிச் செத்தது என்றுதான் ஓர்ப்படியிடம் சொல்லியிருந்தேன். உண்மை வேறு. எங்கள் ஊரில் உப்புக் காற்று இரும்பைத் தின்னும். போட் இன்ஜினின் பேட்டரி முனையில் கிரீஸ் தடவி வைப்பார்கள், பச்சைத் துரு பூக்காது. அதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள் நான். கார்டின் அடியில் வரிசையாகத் தங்கப் பல் மாதிரி இருக்குமே, அதில் லேசாகப் பச்சை பூத்திருந்தது. பயந்துபோய், வீட்டில் இருந்த கறுப்புக் கிரீஸை விரலால் எடுத்து நன்றாகப் பூசிச் சொருகினேன். அதோடு திரை எரியவே இல்லை.

சொல்லாமல் இருந்திருந்தால் சிவப்புப் பெட்டியோடு வீட்டுக்குப் போயிருப்போம். கடைக்காரர் பில் புத்தகத்தை எடுத்தார். அவளுடைய வலைப் பணம் மேசைமேல் இருந்தது. "அண்ணே, திறங்க. எங்க பொட்டியத் திறந்து பாருங்க" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

டெக்னீஷியன் பழைய கார்டைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு அது சொருகியிருந்த பள்ளத்தில் விரலை விட்டு எடுத்தார். விரல் கறுப்பாக வந்தது. "இன்னாது இது?"

"கிரீஸ்" என்றேன். "நான்தான் பூசினேன்."

டெக்னீஷியன் விரலை முகர்ந்து பார்த்தார். "இந்தக் கறுப்பு கிரீஸ்ல கிராபைட் இருக்கும்மா, அது கரண்ட்டைக் கடத்தும். ஷார்ட் ஆகிப் போயிருக்கு. இப்படியே புதுசச் சொருகி இருந்தா அதுவும் இன்னிக்கே போயிருக்கும்" என்றார் அவர். ஓர்ப்படி என்னைப் பார்த்தாள். அடிப்பாள் என்றே நினைத்தேன். "ஏண்டி, இன்ஜினுக்குப் பூசறத இதுக்குப் பூசுவியா? நல்லவேள, டீசல் ஊத்தாம வுட்ட" என்றாள்.

ஸ்பிரிட் விட்டுப் பள்ளத்தைத் துடைத்துவிட்டுச் சிவப்பைச் சொருகப் பார்த்தார்கள். எங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் அதற்கு வேண்டிய ஒயரே இல்லை. பெரிதாக, நல்லதாக மாற்ற நாலாயிரத்து இருநூறு. பச்சை, இருந்த ஒயரிலேயே ஓடியது. வித்தியாசம் முந்நூறு ரூபாய்க்கு இறங்கிவிட்டது. அந்த முந்நூறுக்கு ஒரு பாட்டுக்கு ஒண்ணே கால் நிமிஷம் மிச்சம். பச்சை கரண்ட்டைக் குறைவாகவே இழுக்கும் என்பதால், கரண்ட் போனால் யுபிஎஸ்ஸும் கூடுதல் நேரம் தாங்கும். "பச்சையே போடுங்கண்ணே" என்று இந்தத் தடவை நான் சொன்னேன். ஓர்ப்படி மறுபேச்சுப் பேசவில்லை, விலையில் மட்டும் ஐந்நூறு குறைத்தாள். எல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அந்த சார், தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் என்ன எஸ்எம்பிஎஸ் என்று கேட்க மகனுக்குப் போன் போட்டார்.

இப்போது கும்மிடிப்பூண்டியிலிருந்துகூட எடிட்டிங் பண்ணுகிறவர்கள் எந்தக் கார்டு வாங்கலாம் என்று என்னைக் கேட்கிறார்கள். பச்சையா சிவப்பா என்று நான் சொல்வதில்லை. என்ன வேலை, எந்த எஸ்எம்பிஎஸ், வீடு கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்பேன். பெட்டியில் மூன்று வருஷ வாரண்டி என்று போட்டிருந்தாலும் துரு பிடித்தால் அது கிடையாது, எனவே கடலோரத்தில் இரண்டு வருஷம்தான் உறுதி என்று வைத்து விலையைப் பிரித்துப் பாருங்கள் என்பேன். இந்த விஷயத்தில் என் பேச்சு தப்பாது. பயந்தவள் கேட்கிற கேள்விகளைத் தைரியசாலிகள் கேட்பதில்லை.

ஆவணிக் கல்யாணங்கள் மூன்றையும் நாள் தவறாமல் கொடுத்தேன். புரட்டாசிக் கடைசியில் அவளுடைய பதினாறாயிரத்தை எண்ணி வைத்தேன். ஐப்பசியில் அவள் புருஷன் புது வலையோடு ஏரியில் இறங்கினார்.

ஆனால் அன்றைக்குக் கடைக்காரர் இன்னொன்றும் சொன்னார். பழைய கார்டு உயிரோடு இருந்திருந்தால் நாலாயிரத்து ஐந்நூறுக்கு எடுத்துக்கொண்டிருப்பாராம். அதில் பாதி ஓர்ப்படியுடையது. அவள் இப்போது எளாவூரில் மீன் கடை வைத்திருக்கிறாள். பணத்தை நீட்டினால் வாங்கமாட்டாள். வாங்கிவிட்டால் கல்யாணம், காதுகுத்து என்று நாலு பேர் கூடும் இடத்தில் "எங்கடீ என் கிரீஸ் துட்டு?" என்று கேட்க முடியாதே. போன வாரமும் கேட்டாள். இரண்டாயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய், இன்னும் பாக்கி.