டிராம் பாதைக்குக் கீழே இரண்டு பேர்

யுத்தம் முடியாத காலம் அது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, என் தங்கை ரெஜினாவின் கணவன் அருளப்பன் மயிலாப்பூரில் டிராம் தண்டவாளத்துக்குக் கீழே மண்ணுக்குள் மாட்டிக்கொண்டான். கூட இன்னொருவனும் இருந்தான். ரெஜினாவுக்கு அப்போது ஏழாம் மாதம். இரண்டு பேரையும் உள்ளே அனுப்பியவன் நான்.

நம் பங்கைச் சேர்ந்த சகோதர சகோதரிகளே, இதை எழுதச் சொல்லி யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. சர்வேசுரன் எனக்குச் செய்த உபகாரத்தை மறைத்தால் நான் நன்றிகெட்டவன். என் குற்றத்தை மறைத்துவிட்டு உபகாரத்தை மட்டும் சொன்னால் பொய்யன். அதனால் இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் சவரிமுத்து. சாக்கடைக் குழாய் பதிக்கும் வேலையில் மேஸ்திரியாக இருந்தேன். தெருவைத் திறந்து பள்ளம் வெட்டித்தான் குழாய் போடுவோம். டிராம் ஓடும் இடத்தில் மட்டும் அது நடக்காது. டிராமை நிறுத்தக் கூடாது என்று உத்தரவு. அதனால் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் பன்னிரண்டடிக்கு ஒரு குழி இறக்கி, அதன் அடியிலிருந்து குறுக்கே குடைந்துகொண்டு போனோம். குனிந்து போகிற அளவுதான் சுரங்கம். நம் மயிலாப்பூர் மண் உங்களுக்குத் தெரியும். மணல், ஆறடிக்குக் கீழே தண்ணீர். இரண்டடி குடைந்தால் உடனே மேலும் பக்கமும் பலகை அடித்துச் சவுக்கு முட்டு கொடுக்க வேண்டும். பலகை இடுக்குகளில் வைக்கோல் திணிக்க வேண்டும். வைக்கோல் தண்ணீரை வடிய விடும், மணலை விடாது. வடிகிற தண்ணீரைக் கைப்பம்பு வைத்து இறைப்போம். மேலே ஒருவன் கொல்லன் துருத்தியை ஊதிக்கொண்டே இருப்பான். இரும்புக் குழாய் வழியாகச் சுரங்கத்தின் கடைசி வரை காற்று போகும். எங்கள் பாதுகாப்பு இவ்வளவுதான். நல்ல மரமெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது. வைக்கோலுக்கும் அந்த வருஷம் பஞ்சம்.

கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் கட்ட ஒரு பிடி வைக்கோல் அகப்படவில்லை என்று கோயில்பிள்ளை என்னிடம் புலம்பினார். திங்கட்கிழமை வேலை முடிந்ததும், குழிக்குப் பக்கத்தில் இருந்த கடைசி இரண்டு வைக்கோல் கட்டுகளையும் நானே தலையில் சுமந்துகொண்டு போய்ப் போட்டேன். பங்குச் சுவாமியார் முதுகில் தட்டிக்கொடுத்தார். எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே, அதுதான் நான் செய்தது. ஆனால் அன்று எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாலசேசுவுக்கே மெத்தை போட்டுவிட்டேன் என்ற பெருமையோடு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை அருளப்பன் குழி வாயில் நின்று தேடினான்.

“வைக்கோலு இன்னா ஆச்சி மச்சான்? ஒண்ணு கூட காணோமே.”

“கோயிலுக்குக் குட்த்துட்டேன் மாப்ளே. இன்னிக்கு ஒரு நாளு சாக்கை வெச்சி ஓட்டு. நாளைக்கு வண்டி வந்துரும்.”

“சாக்கு தண்ணிய வுடாது மச்சான். பின்னால கனம் ஏறிக்கும்.”

“எனக்குத் தெரியாதா? போ, வேலையைப் பாரு.”

அவனோடு இறங்க வேண்டியவன் கன்னியப்பன். கொட்டிவாக்கத்திலிருந்து தினமும் நடந்தே வருகிறவன். நம் வேதக்காரன் அல்ல. அவன் சிரித்துக்கொண்டே அருளப்பன் தோளில் கை போட்டான்.

“சாமிக்குத்தானே போயிருக்கு, வுடு நைனா. ஒரு நாளு அந்த சாமி நம்மள பாத்துக்காதா?”

இரண்டு பேரும் இறங்கினார்கள். நான் இறங்கிப் பார்க்கவில்லை.

பத்து மணிக்கு ஒரு டிராம் போனது. அது போன கொஞ்ச நேரத்தில் கீழே ஒரு பெரிய மூட்டையைப் போட்டாற்போல் சத்தம் கேட்டது. ஓடி இறங்கினேன். சுரங்கத்துக்குள் பத்தடி போவதற்குள் ஈர மணல் சுவராக நின்றது. சாக்கு இடுக்கை அடைத்து, முந்தின இரவு பெய்த மழைத் தண்ணீர் பின்னால் ஏறி, பலகை உடைந்துவிட்டது. கத்தினேன். பதில் இல்லை. பிறகு காற்றுக் குழாயில் டொக், டொக் என்று தட்டும் சத்தம் வந்தது. ஒருவன் தட்டுகிறானா, இருவருமா, தெரியவில்லை.

துருத்தியை நிறுத்தாதே, பம்பை நிறுத்தாதே என்று கூவினேன். அள்ள அள்ள மணல் வந்துகொண்டே இருந்தது. ஒரு சட்டி எடுத்தால் இரண்டு சட்டி சரிந்தது. மேலே ஏறி, கயிற்றால் அளந்து, தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கம், சுரங்கத்தின் கடைசியில் அவர்கள் இருக்கும் இடத்துக்கு நேர் மேலே தோண்டச் சொன்னேன். இடுப்பளவு போவதற்குள் நாலு பக்கமும் இடிந்து விழுந்தது. டிராம் நின்றுவிட்டது. அதில் வந்தவர்கள்கூட இறங்கி மண் அள்ளினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மணி பன்னிரண்டு ஆனது.

அப்போது யாரோ சொல்லி ரெஜினா வந்து சேர்ந்தாள். அழவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்மேட்டில் உட்கார்ந்து என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. சேற்றில் முழங்கால் போட்டேன். செபமாலை கையில் இல்லை, மந்திரம் எதுவும் வாயில் வரவில்லை. “ஆண்டவரே, அருளப்பனைக் கொடும். அவனை மட்டும் கொடும், வேறே ஒன்றும் கேட்கமாட்டேன்” என்று திரும்பத் திரும்பக் கெஞ்சினேன். இந்த வார்த்தைகளைத்தான் சொன்னேன்.

எழுந்திருக்கும்போது தெருமுனையில் ஒரு மாட்டுவண்டி திரும்பியது. வண்டி நிறையச் சுட்ட மண் உறைகள், கிணற்றுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கும் வளையங்கள். அபிராமபுரத்தில் ஒரு புது வீட்டுக்குக் கிணறு இறக்கப் போகிறார்கள். வழக்கமாகப் போகும் பாதையில் தண்ணீர் நின்றதால் எங்கள் தெருவுக்குள் வந்திருக்கிறார்கள். இதைத் தற்செயல் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நான் சொல்லமாட்டேன்.

கிணற்றுக்காரர் வெங்கையா ஒரு நிமிஷம்தான் பார்த்தார்.

“பள்ளம் வெட்டாதே நைனா, வெட்ட வெட்ட சரிஞ்சிக்கினேதான் இருக்கும். உறைய வெச்சி இறக்கணும்.”

முதல் உறையைத் தரையில் வைத்து, அதற்குள் ஓர் ஆள் உட்கார்ந்து அடியில் மண்ணை எடுத்தான். உறை தானாக இறங்கியது. அதன் மேல் இன்னொன்று வைத்தோம். வெளியே மணல் என்ன செய்தாலும் உள்ளே வர முடியவில்லை. குழாயில் தட்டும் சத்தம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. எட்டாவது உறை இறங்கும்போது சாயங்காலம் நாலு மணி. கூரைப் பலகை தட்டுப்பட்டது. வெட்டித் திறந்தோம். ஒரு கை மேலே வந்தது. விரலில் என் தங்கை போட்ட மோதிரம்.

அருளப்பன் பிழைத்தான்! ரெஜினா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். நான் தோத்திரம் தோத்திரம் என்று கூவினேன். அவன் என்னைப் பார்த்து, “அவனை எடு மச்சான்” என்றான்.

கன்னியப்பனை எடுத்தோம். மார்பு வரை மணல் இறுக்கியிருந்தது. உயிர் இல்லை.

அன்று அருளப்பன் சொன்னதை அவன் சொன்னபடியே எழுதுகிறேன். “அவன்தான் மச்சான் முதல்ல குழாயத் தட்டச் சொன்னான். என்னை அப்பால பாரு, நீ தட்டு தட்டுன்னான். அப்புறம் அவங்க சாமிய கும்பிட்டுக்கினே இருந்தான். எங்க ரெண்டு பேரையும் கரை சேத்துடு தாயேன்னான். மூச்சு வாங்குறப்பவும் ரெண்டு பேருன்னுதான் சொல்லிக்கினு இருந்தான்.”

எஞ்சினீயர் மழையால் ஏற்பட்ட விபத்து என்று எழுதிக்கொண்டு போனார். நான் பேசாமல் நின்றேன். கிறிஸ்துமஸ் பூசையில் எல்லாரும் குடிலில் பாலசேசுவின் பாதத்தை முத்தி செய்யப் போனார்கள். நான் போகவில்லை. தூண் மறைவில் நின்று அழுதேன். நான் கேட்டது கிடைத்துவிட்டதே, பின் எதற்கு அழுகிறேன் என்று எனக்கே புரியவில்லை. அதற்கு மூன்றாம் நாள் சுவாமியாரிடம் என் குற்றத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அவர் கடைசி வரை கேட்டார். பிறகு, “என்னிடம் சொன்னது சரி. கன்னியப்பன் மனைவியிடம் யார் சொல்வது?” என்றார்.

கொட்டிவாக்கத்துக்கு நடந்தே போனேன். கன்னியப்பனின் மனைவி அஞ்சலை குடிசை வாசலில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பெண்குழந்தை. வைக்கோலைச் சொன்னேன். சாக்கைச் சொன்னேன். மழை அல்ல, நான்தான் காரணம் என்றேன். கடைசியில் என் செபத்தையும் சொன்னேன். அவள் வைக்கோலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“அஞ்சாறு மாசம் உங்கூட வேலை செஞ்சான். சாமியாண்ட அவ்ளோ நேரம் கேட்டியே மேஸ்திரி, அவன் பேரு ஒரு வாட்டி கூடவா உன் வாய்ல வர்ல?”

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். மன்னித்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் எஞ்சினீயரிடம் உண்மையைச் சொன்னேன். வேலை போனது. பிறகு வேறொருவரிடம் சாதாரண ஆளாகச் சேர்ந்து, வெகுநாள் கழித்து மறுபடி மேஸ்திரி ஆனேன். இப்போது பலகையும் முட்டும் நானே இறங்கிப் பார்க்காமல் ஒருவரையும் உள்ளே விடுவதில்லை. பார்த்துவிட்டு மேலே வந்து, இறங்குகிற ஒவ்வொருவனின் பெயரையும் ஆண்டவரிடம் சொல்வேன். பையன்கள் கேலி செய்கிறார்கள், “மேஸ்திரி ஆஜர் எடுக்குறாரு” என்று. எடுத்துவிட்டுப் போகிறேன். ரெஜினாவின் குழந்தை இப்போது ஓடி விளையாடுகிறது. அதைத் தூக்கும்போதெல்லாம் சர்வேசுரனுக்கு நன்றி சொல்கிறேன். கொட்டிவாக்கத்துக் குழந்தையும் கண்முன் வந்து நிற்கிறது. மாதம் ஒரு முறை நானும் அருளப்பனும் அங்கே போகிறோம். அஞ்சலை அருளப்பனோடு பேசுவாள்.

சகோதரர்களே, ஆண்டவர் கேட்கிறார். நாம் சேற்றில் விழுந்து கதறினாலும் அவர் காதில் விழுகிறது. இதை என் கண்ணால் கண்டேன், நீங்களும் நம்புங்கள். நம்பிக் கேட்கும்போது உங்கள் வீட்டோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் மாட்டிக்கொண்டவன் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவன் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சொல்லுங்கள். நான் அன்று சொல்லாமல் விட்ட பெயர் கன்னியப்பன்.