பூசணிக்காய்க்குப் பிறகு ஒரு காட்சி

எனக்குப் படம் எடுக்கத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் சர்ச்சில் பாதிப் பேருக்கு அதில் இன்னும் சந்தேகம் இருக்கிறது. ஆராதனை முடிந்து வெளியே வந்தால் போதும், யாராவது ஓர் ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, நீ எடுக்கறது சீரியலா, யூடியூபா?" என்று கேட்பார். படம் என்பேன். "எந்தத் தியேட்டர்ல?" என்பார். திரைப்பட விழாக்களுக்கு அனுப்புவோம், எங்காவது ஓர் ஊரில் ஓர் அரை அரங்கம் பார்க்கும் என்று சொன்னால் அவருக்கு என்மேல் இரக்கம் வந்துவிடும். நான் கல்யாண வீடியோக்களை எடிட் செய்து பிழைப்பவள் என்பதை மட்டும் எல்லோரும் மரியாதையாக நம்புகிறார்கள்.

பெரிய படக்காரர்கள் தெருவையே அடைத்து வேலை செய்வார்கள். எங்களைப் போன்றவர்கள் தெரு விடுகிற இடைவெளியில் புகுந்து வரவேண்டும். எந்தத் தெருவில் தண்ணி லாரி எப்போது பாட்டுப் போட்டுக்கொண்டு ரிவர்ஸில் வரும், எந்த வீட்டு நாய் மைக்கைப் பார்த்தால் குரைக்கும், எந்தக் கோயிலில் எந்த மாதம் ஒலிபெருக்கி கட்டுவார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. வார நாட்களில் தலைக்கு மேலே ஏர்ஃபோர்ஸ் பயிற்சி விமானம் சுற்றிக்கொண்டே இருக்கும். வசனம் நடுவில் அது வந்தால் அழுகிற காட்சிகூடச் சிரிப்பாகிவிடும். அதனால் முக்கியமான காட்சிகளை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்வேன். "கர்த்தரோட நாள்ல கேமராவத் தூக்கிட்டு அலையறியே" என்று அம்மா முணுமுணுப்பார். கர்த்தருக்கும் எனக்கும் ஒரு பேச்சு இருக்கிறது, நீங்கள் நடுவில் வராதீர்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

அந்தப் படத்தின் கதை சின்னது. ஒருவருடைய மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு அவர் அவள் பெயரை எடுப்பதே இல்லை. கடைக்குப் போகிறார், வருகிறார், சாப்பிடுகிறார், தூங்குகிறார். மனைவி மட்டும் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கடைசியில் ஒருநாள் கதவு தட்டப்படுகிறது. அவர் திறக்கிறார், மகள் நிற்கிறாள். அவ்வளவுதான். மொத்தப் படமும் அந்த ஒரு கதவுத் தட்டலுக்காகக் காத்திருக்கும்.

அப்பாவாக நடிக்க நான் பிடித்தது முடிச்சூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஒருவரை. அந்த ஊர்க்காரக் குடும்பம். அவருடைய அப்பா காலத்தில் உழுத நிலத்தில் இப்போது பிளாட்டும் அபார்ட்மென்ட்டும் நிற்கின்றன. அவர் அந்த அபார்ட்மென்ட்டுகளுக்குக் குழாயும் தாழ்ப்பாளும் விற்கிறார். நான் ஒரு கொக்கி வாங்கப் போனேன். ஒரு வாடிக்கையாளரை அவர் ஒரு வார்த்தைகூடப் பேசாமல், பார்வையாலேயே திட்டி அனுப்பியதைப் பார்த்தேன். கொக்கியோடு ஆளையும் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அவர் ஒப்புக்கொண்டது பெரிய விஷயமில்லை. அவர் மனைவி ஒப்புக்கொண்டதுதான் பெரிய விஷயம். அம்மா வேடத்துக்கு எனக்குத் தெரிந்த ஒரு டீச்சரை யோசித்து வைத்திருந்தேன். அதைக் கேட்டதும் அந்தம்மா இடுப்பில் கை வைத்தார்.

"இன்னாது, எங்கூட்டுக்காரருக்குப் பொண்டாட்டியா இன்னொருத்தி நடிக்கிறதா? அப்ப நான் இன்னாத்துக்குக் கீறேன்?"

நியாயமான கேள்வி. டீச்சருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். புருஷனும் பெண்டாட்டியும் நடித்தார்கள், அவர்கள் வீட்டிலேயே நடித்தார்கள், வெள்ளம் வந்த வருடத்தின் கறை இன்னும் போகாத அந்தச் சுவருக்கு முன்னாலேயே நடித்தார்கள். ஒரு செட் போட்டிருந்தால் அந்தக் கறையை என்னால் வரைந்திருக்க முடியாது.

நான் வேலை செய்யும் முறை ஒன்று உண்டு. நடிப்புப் பழக்கம் இல்லாதவர்களிடம் முழுக் கதையைக் கொடுக்கமாட்டேன். கொடுத்தால் ராத்திரி கண்ணாடி முன்னால் நின்று பழகிவிட்டுக் காலையில் ஏதாவது ஹீரோ மாதிரி தலையை உலுக்குவார்கள். அன்றன்றைக்கு என்ன காட்சியோ அதை மட்டும் சொல்வேன். மகள் ஒருத்தி போய்விட்டாள் என்பது வரைக்கும் இருவருக்கும் தெரியும். திரும்பி வருவாள் என்பது தெரியாது. மகளாக நடிக்க மேடவாக்கத்தில் ஒரு பெண் இருந்தாள், ஓ.எம்.ஆரில் ஏதோ ஒரு கம்பெனியில் வேலை. அவளை அந்த வீட்டுப் பக்கமே நான் கூட்டிவரவில்லை. கதவு திறக்கிற அந்த நொடியில்தான் அவளும் அவர்களும் ஒருவரையொருவர் முதல்முறை பார்க்கவேண்டும் என்பது என் திட்டம். அவளுக்கு அவருடைய போட்டோவை மட்டும் காட்டியிருந்தேன். எண்ணெய் வைத்துப் படிய வாரிய அடர்த்தியான முடி அவருக்கு.

வீட்டுக்குள் எடுக்க வேண்டியது எல்லாம் முடிந்த அன்று லைட்காரர்கள் கிளம்பினார்கள். கதவுக் காட்சி பகல் வெளிச்சத்தில்தான், அதற்கு லைட் தேவையில்லை. ஆனால் பூசணிக்காய் உடைக்காமல் போகமாட்டோம் என்றார்கள். சினிமாவில் கடைசி நாள் பூசணிக்காய் உடைப்பது வழக்கம். அவர்களுக்கு அது கடைசி நாள்தானே. கற்பூரம் ஏற்றிச் சுற்றி வாசலில் உடைத்தார்கள், எல்லோரும் கைதட்டினார்கள். புருஷனும் பெண்டாட்டியும் படமே முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. நல்லதுதான் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். படம் முடிந்தது என்று நம்புகிற மனிதன் கதவைத் திறக்கும்போது முகம் எவ்வளவு இயல்பாக இருக்கும்! சனிக்கிழமை போன் செய்து, நாளைக்கு விட்டுப்போனதை எடுக்கிற சின்ன பேட்ச் வேலை ஒன்று இருக்கிறது, வீட்டில் இருங்கள் என்று மட்டும் சொன்னேன். "வந்துடுங்க டைரக்டரம்மா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நானும் கேமராமேனும் போய் இறங்கினோம். கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டேன்.

பளபளவென்று மொட்டை. மேலே சந்தனம் வேறு.

"இன்னா டைரக்டரம்மா, அப்டி பாக்கறீங்க? படம் நல்லபடியா முடிஞ்சா முடி குடுக்கறேன்னு இவ வேண்டிகினா. பூசணிக்காதான் ஒடச்சாச்சே. நேத்துதான் திருப்பதி போய்ட்டு வந்தோம்" என்றார். அந்தம்மா லட்டை எடுத்துக்கொண்டு வந்து என் கையில் வைத்தார். என் படம் நன்றாக முடியவேண்டும் என்று ஒரு வேற்று மதக்காரிக்காக மலையேறிப் போயிருக்கிறார். அவரை எப்படித் திட்டுவது? லட்டைத் தின்றேன். நன்றாகவே இருந்தது.

கேமராமேன் என்னை முருங்கை மரத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான்.

"அக்கா, தள்ளிப் போட்டுடலாம். முடி வளரட்டும்."

"அந்தப் பொண்ணு வியாழக்கிழமை ஜெர்மனி போறா. திரும்பி எப்ப வருவாளோ, அவளுக்கே தெரியாது."

"அப்ப விக்."

"விக் வெச்சா கூத்து மாதிரி இருக்கும்டா. குளோஸ்அப்ல ஒட்டு தெரியும்."

"மொட்டையோட கதவத் தொறந்தா சாவு வீடுன்னு நினைப்பாங்க அக்கா. அவருக்குப் பையன் கிடையாது படத்துல. பொண்டாட்டி போய்ட்டா, இவரே கொள்ளி வெச்சாருன்னு அர்த்தம் ஆயிடும்."

அவன் சொன்னது சரி. அந்தக் காட்சி இல்லாவிட்டால் எனக்குப் படமே இல்லை. ஒரு மனிதர் கடைக்குப் போய் வருகிறார் என்று மூன்று வருட உழைப்பைக் காட்டி முடிக்கவேண்டியதுதான். பயமாகத்தான் இருந்தது. பிறகு அவன் சொன்ன அதே வார்த்தையையே திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். சாவு வீடு என்று நினைப்பார்கள். யார் நினைப்பார்கள்? படம் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அவர்களுக்கு முன்னால் கதவுக்கு வெளியே நிற்கிற மகள் நினைப்பாள்.

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே என்பார்கள். சினிமாக்காரிக்கு அந்த முடிச்சுத்தான் தொழில்.

"எடுக்கறோம்" என்றேன். "அவகிட்ட ஒரு வார்த்த சொல்லாத."

அது கொஞ்சம் கொடுமைதான், தெரியும். ஆனாலும் செய்தேன், இன்றைக்கு அந்த நிலைமை வந்தாலும் செய்வேன். மகளாக நடிக்கவந்து தெருமுனையில் காரில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் போய், நான் எழுதி வைத்திருந்ததை மட்டும் நினைவுபடுத்தினேன்: கதவு திறக்கும், நீ "அப்பா" என்று சொல்லவேண்டும், அவர் பதில் பேசமாட்டார், கதவைத் திறந்து வைத்தபடியே உள்ளே போய்விடுவார், நீ வாசலிலேயே நிற்கவேண்டும். எனக்கு மிகவும் பிடித்த முடிவு அது. மௌனம், திறந்த கதவு, விழாக்காரர்களுக்கு ஏற்றது.

பிறகு வீட்டுக்கு வந்து அந்தம்மாவைச் சமையலறையில் இருக்கச் சொன்னேன். "உங்க வேலையப் பாருங்க. கூப்பிட்டா வாங்க." சந்தனத்தைத் துடைக்கச் சொல்லிவிட்டு அவரிடம் முதல்முறையாக உண்மையைச் சொன்னேன்.

"கதவத் தட்டுவாங்க. வர்றது உங்க பொண்ணு."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "ஓடிப் போனவளா?"

"ஆமா."

"நான் இன்னா சொல்லணும்?"

ஒன்றும் சொல்லாமல் உள்ளே போங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அந்த மொட்டையைப் பார்த்தேன். இப்படி ஒரு தலையை வைத்துக்கொண்டு எந்த அப்பாவும் சும்மா உள்ளே போகமாட்டார் என்று தோன்றியது. "உங்களுக்கு இன்னா தோணுதோ அது" என்று சொல்லிவிட்டு கேமராவுக்குப் பின்னால் போய் நின்றேன். என் வாயில் அவருடைய 'இன்னா' வந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை.

கேமரா கூடத்திலிருந்து வாசலைப் பார்த்தது. அவருடைய முதுகும் அந்தத் தலையும் தெரிந்தன. சமையலறையில் தாளிக்கிற சத்தம். கதவு தட்டப்பட்டது. அவர் உடனே போகவில்லை. வேட்டியை அவிழ்த்துக் கட்டினார். பிறகு போய்த் தாழ்ப்பாளை நீக்கினார்.

அந்தப் பெண் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. தலையைத்தான் பார்த்தாள். வாயில் தயாராக வைத்திருந்த "அப்பா" வெளியே வரவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை. அவள் கண் அவர் தோளுக்கு மேலே வீட்டுக்குள் எட்டி எட்டித் தேடியது. அவள் பிற்பாடு என்னிடம் சொன்னாள், அந்த நேரத்தில் தான் நடிக்க வந்தவள் என்பதே மறந்துபோய்விட்டதாம்.

"அம்மா?" என்றாள். சத்தம் வரவில்லை, காற்றுத்தான் வந்தது.

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு அவர் கை தன்னாலே தலைக்குப் போய்த் தடவிப் பார்த்தது. புரிந்துவிட்டது.

"ஐயே, அம்மாக்கு ஒன்னியும் ஆவல. அடுப்பாண்ட குத்துக்கல்லாட்டம் கீறா." ஒரு மூச்சு விட்டார். "இது உனுக்காவ. நீ வந்தா முடி தர்றேன்னு நேந்துகினேன். வர்ற வரிக்கும் காத்துகினு இருக்க முடியல. அட்வான்ஸா குடுத்துட்டு வந்துட்டேன்."

நான் மூன்று வருடம் உட்கார்ந்து எழுதிய அப்பா ஒரு வார்த்தை பேசாத வீம்புக்காரர். இவர் மகள் பெயரை வாயால் எடுக்காமலேயே, அவளுக்காகத் தலையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அதையும் கடைக்காரப் பேச்சில் சொல்லிக்கொண்டு நிற்கிறார். என் முடிவு தோற்றுவிட்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கக் கையைத் தூக்கினால் கேமராவில் இடித்துவிடும் என்று அப்படியே விட்டுவிட்டேன்.

அந்தப் பெண் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். இனி கட் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

நான் கூப்பிடவே இல்லை. ஆனால் தாளிக்கிற சத்தம் நின்றது. யார் வந்திருக்கிறார்கள் என்பதே அந்தம்மாவுக்கு நான் சொல்லியிருக்கவில்லை. உள்ளே இருந்தபடி காதில் விழுந்ததுதான். சமையலறையிலிருந்து அதட்டலாகக் குரல் வந்தது.

"பொண்ண வாசல்லியே நிக்க வெச்சு இன்னாய்யா பேச்சு? உள்ள வரச் சொல்லு. சாப்ட்டுச்சோ இல்லியோ."

அவர் ஓரமாக நகர்ந்து வழி விட்டார். அந்தப் பெண் அழுதுகொண்டே குனிந்து செருப்பைக் கழற்றினாள்.