எச் இழுப்பறையில் ஹிருத்

போன வாரம் டூட்டிங் கிளினிக்கில் வரவேற்பில் இருந்த பெண் "மிஸ்டர் ராமசாமி" என்று மூன்று முறை கூப்பிட்டாள். யாரோ அசந்துவிட்டார் போல என்று நானும் மற்றவர்களோடு சுற்றிப் பார்த்தேன். ராமசாமி என் அப்பா. மதுரையைத் தாண்டாதவர். இந்த இங்கிலீஷ்காரர்கள் ஊர் இத்தனை வருடமாக என்னை அவர் பெயரில்தான் கூப்பிடுகிறது. எனக்குத்தான் இன்னும் பழகவில்லை.

எழுந்து நடக்கையில், எங்கிருந்தோ சூடான ஃபேக்ஸ் காகிதத்தின் வாசனை வந்தது. ஸ்ட்ரெதமில் ஒரு கம்பளக் கடைக்கு மேலே, நான் முதன்முதலில் வேலை பார்த்த அறையின் வாசனை அது. ஆப்பிரிக்கப் பல்கலைக்கழக ஆசிரியர்களை அமெரிக்க நிதியில் அமெரிக்காவுக்கே ஆராய்ச்சிக்கு அனுப்பும் சிறிய அறக்கட்டளை. சன்னலில் ஆவி படிந்திருக்கும். அதற்கு அப்பால் பஸ்கள் சிவப்புக் கறைகளாக நகரும். கம்பாலா, அக்ரா, அடிஸ் அபாபா என்று உறைகள் வரும். தபால்தலைகளைப் பார்ப்பதிலேயே எனக்கு அரைநாள் போகும். அதையும் வேலை என்றுதான் நினைத்திருந்தேன்.

கோப்புகளைக் கவனித்தவர் யாழ்ப்பாணத்துச் சிவம் அண்ணை.

ஒரு நாள் மாலை நாலே காலுக்கு அமெரிக்காவிலிருந்து தொலைபேசி. அடிஸ் அபாபா விரிவுரையாளர் ஹிருத் பெக்கெலேயின் விடுப்புக் கடிதம் அவர்களிடம் இல்லையாம். எங்கள் ஐந்து மணிக்குள் வராவிட்டால் அவருடைய இடம் வேறொருவருக்கு. இரண்டு முறை தவறிப்போய் மூன்றாம் முறை கிடைத்த இடம். 'பி' இழுப்பறையைக் கவிழ்க்காத குறையாகத் தேடினேன்.

தேநீரோடு வந்த அண்ணை கேட்டார்: "தம்பி, ஆரைத் தேடுறீர்?"

"பெக்கெலேயைண்ணே. பி-ல இல்ல."

"அது தகப்பன்ர பேரெல்லோ. தகப்பனே படிக்கப் போறார்? பிள்ளை எச்சில இருக்கிறா."

"எச்சில்லயா?"

"'எச்' எழுத்தில, விசரா!"

எத்தியோப்பியர்களுக்கும் குடும்பப் பெயர் கிடையாது. இரண்டாவதாக வருவது நம்மைப்போலவே அப்பாவின் பெயர். கடைசிப் பெயரில்தான் அடுக்கவேண்டும் என்ற அலுவலக விதியை மதிக்காமல் அண்ணை அவர்களையெல்லாம் சொந்தப் பெயரிலேயே அடுக்கியிருந்தார். அனுப்பவேண்டிய கடிதமும் அங்கேயே தங்கிவிட்டது. ஃபேக்ஸ் அதை வரிவரியாக விழுங்கியது. உடனே மறுபடி தொலைபேசி: கடிதத்தில் ஹிருத், எங்களிடம் பெக்கெலே, இவர்கள் இரண்டு பேரா?

அண்ணை என் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கினார். "ஒன் கேர்ள், மேடம். பெக்கெலே இஸ் ஒன்லி த ஃபாதர்!"

மறுமுனையில் யாரோ சிரித்தார்கள். மணி ஐந்தாக ஆறு நிமிடம் இருந்தது.

ஹிருத் போனார், படித்தார், ஊர் திரும்பித் துறைத்தலைவரானார். பிறகு அமெரிக்க நிதி நின்றது. எங்கள் அறையில் இப்போது கம்பளச் சுருள்கள் நிற்கின்றன. அண்ணை பார்க்கிங் என்கிற பேட்டையில் மகள் வீட்டில் இருக்கிறார்.

சென்ற மாதம் ஹிருத்தின் மாணவி ஒருத்தி எனக்கு எழுதியிருந்தாள். வேறொரு நிறுவனத்தின் இணையதளத்தில் விண்ணப்பித்தாளாம். கடிதம் அவள் பெயரில், கோப்பு அப்பாவின் பெயரில். 'முழுமையற்றது' என்று திரும்பத் திரும்பப் பதில் வருகிறது. யாரிடம் பேசுவது என்று கேட்டிருந்தாள்.

அந்தத் தளம் முழுவதும் தேடினேன். தொலைபேசி எண் எங்கும் இல்லை.