தொட்டுப் பார்த்தால் தெரியாது

எண்பதுகளின் கடைசியில் நான் தெற்கு லண்டன் நோர்பரியில் இருந்தேன். யாழ்ப்பாணத்தில் டொக்டர், எத்தனையோ பிரேதப் பரிசோதனை செய்தவன். லண்டனில் டொக்டர் வேலைக்கான பரீட்சை பாஸ்பண்ணும் வரைக்கும் பெற்றோல் ஷெட்டில் வேலை. பக்கத்துத் தோர்ண்டன் ஹீத்தில் இருந்த அண்ணை ஒருவர்தான் என்னை ஒரு கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். விக்டோரியா காலத்தில் கிழக்கு லண்டனில் பெண்களைக் கொன்றுவிட்டுப் பிடிபடாமல் போனவனைப் பற்றி, வெள்ளைக்காரர் பத்துப் பேர் ஞாயிறு மத்தியானங்களில் ஒரு பப் மாடியில் கூடி வாதாடுவார்கள்.

அன்றைக்கு அந்தப் பெண்களில் ஒருத்தியின் சாவு நேரம் பற்றிச் சண்டை. பொலிஸ் வைத்தியர் உடம்பைத் தொட்டுப் பார்த்துச் சொன்ன நேரத்தை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இரத்தமெல்லாம் போன உடம்பு குளிரில் கெதியாக ஆறிவிடும், கையால் தொட்டு நேரம் சொல்ல ஏலாது என்றேன்.

"நீர் டொக்டரோ?" என்று தலைவர் கேட்டார்.

நான் அண்ணையைப் பார்த்தேன். ஊர்ச்சனத்திடமெல்லாம் என்னை டொக்டர் என்று சொல்லித் திரிகிற மனுஷன்.

"இல்லை, பெற்றோல் ஷெட்டில் நிற்கிறவர்" என்று இங்கிலிஷில் சொல்லி, அவர்களோடு சேர்ந்து சிரித்தார். எனக்குப் பற்றி எரிந்தது.

அடுத்த கிழமை அவரே போன் எடுத்தார். "டொக்டர், பிள்ளைக்குக் காய்ச்சல். தொட்டுப் பாத்தனான், கொதிக்குது."

"தொட்டுப் பாத்துச் சொல்ல ஏலாது எண்டு அண்டைக்கே சொன்னனான், அண்ணை."

பிறகு நானே சொன்னேன்:

"பிள்ளையைக் கொண்டு வாங்கோ. நீங்கள் வாசலோட நில்லுங்கோ."