என் கதையில் வந்த ஜீப்

இன்று கடத்தூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் மகளோடு இருந்த அம்மா என்னை உற்றுப் பார்த்தார்.

"எம்பொண்ணு பள்ளிக்கூடத்துக்கு வந்து கதைப் புஸ்தகம் குடுத்தது நீங்கதானுங்களே?"

நான்தான். ஏரி மண்ணைத் திருடும் டிப்பரை மூன்று குழந்தைகள் போட்டோ எடுத்துப் பிடித்துக் கொடுக்கும், நான் எழுதிய சாகசக் கதை. பாராட்டப் போகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"படிச்சிட்டு இவளும் எங்க ஏரியில டிப்பரை போட்டோ எடுத்துட்டாளுங்க. யாருக்கு அனுப்பறதுன்னு தெரியல. ஊர் வாட்ஸ்அப் குரூப்புல போட்டுட்டா. அந்த குரூப்புக்கு அட்மினே டிப்பர் ஓனருங்க."

"ஐயோ, அப்புறம்?"

"இவங்கப்பா அவருகிட்டதாங்க டிரைவரு. மறுநாளே நிறுத்திட்டாங்க. இப்ப வேற யாரும் வண்டி குடுக்க மாட்டேங்கறாங்க. வூட்லயே கெடக்கறாரு."



ஜன்னலோரம் இருந்த மகள் இறங்கும்போது என்னிடம் நின்றாள்.

"கதையில போட்டோ அனுப்புன மறுநாளே ஜீப்புல ஆபீசருங்க வந்துர்றாங்களே. எங்க ஏரிக்கு எப்பங்க வருவாங்க?"

கதையில் அந்த ஜீப்பை வரவழைக்க எனக்கு ஒரே ஒரு வரிதான் தேவைப்பட்டது.

அவளுக்கு என்ன பதில் சொல்வது? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். உங்கள் ஊர் குரூப்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.