சரி என்று யார் சொன்னது

எங்கள் ஊரைப் 'பின்தங்கிய பகுதி' என்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. பிச்சாவரம் காட்டை ஒட்டி, உப்பங்கழிக் கரையில் இருக்கிறோம். சிதம்பரம் பஸ்ஸைப் பிடிக்க மழைக்காலத்தில் சேற்றில் நடக்க வேண்டும். அந்தப் பாதையைப் போட ஒருவரும் வந்ததில்லை. முன்னேற்றத் திட்டம் என்று வந்தவர்களின் கண் எங்கள் துறையில்தான் விழுந்தது.

துறை என்றால் கழிக்குள் சரிந்து இறங்கும் சேற்றுக்கரை. படகை அங்கேதான் இழுத்துப் போடுவோம். ஊர்ப் பெண்கள் பறியை வாயில் கவ்விக்கொண்டு அங்கேதான் இறங்குவார்கள். தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்து அந்தக் கூடையில் போடுவார்கள். என் மனைவியும் அப்படித்தான். நான் படகில் வெறுங்கையோடு திரும்பும் நாட்களில் எங்கள் வீட்டு அடுப்பு அந்த இறாலில்தான் எரியும்.

திட்டக்காரர்கள் ஷாமியானா போட்டு எங்களைக் கூப்பிட்டார்கள். அவர்களுக்கு நாற்காலி, எங்களுக்குத் தரை. அதிகாரி ஒரு பெரிய படத்தைக் காட்டினார். துறை முழுக்க சிமெண்டு மேடை, கலர் படகுகள், குடைகள், கறுப்புக் கண்ணாடி போட்ட பெண்கள். எங்கள் ஆட்கள் ஒருவர்கூட அந்தப் படத்தில் இல்லை. சுற்றுலா வந்தால் வேலைவாய்ப்பு பெருகும் என்று நெடுநேரம் பேசிவிட்டு, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை.

எங்கள் ஊர்க் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. தலைவர் சொல்வது பிடித்திருந்தால் "சரி" என்று வாய்விட்டுச் சொல்வோம். பிடிக்காவிட்டால் பேசாமல் இருப்போம். முகத்துக்கு நேரே வேண்டாம் என்பது மரியாதை இல்லை. தலைவரும் புரிந்துகொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். ஆகவே, ஊரே சேர்ந்து திட்டத்தை மறுத்துவிட்டோம் என்று நினைத்து, கொடுத்த டீயைக் குடித்துவிட்டுக் கலைந்தோம்.

"என்னா ஆச்சு?" என்றாள் மனைவி.

"ஒருத்தரும் வாயத் தொறக்கல."

அவளுக்கு நிம்மதியாகிவிட்டது.

பிறகு பொக்லைன் வந்தது. துறையில் பாதியை வெட்டிச் சுவர் எழுப்பினார்கள். நானும் மனைவியின் தம்பியும் மஞ்சக்குப்பத்தில் இருந்த அவர்கள் அலுவலகத்துக்குப் போனோம். பஸ்ஸில் வழியெல்லாம் அவன் சொல்லிக்கொண்டே வந்தான். "மாமா, நீ பேசிடாத. உன் கொரலு உன் சட்டப் பையையே தாண்டாது. நான் பாத்துக்கறேன்."

மத்தியானம் வரை நிற்க வைத்தார்கள். கூப்பிட்டபோது அதிகாரி போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, ஊரே ஒத்துக்கொண்டதுதானே, ஒருவர்கூட மறுக்கவில்லையே என்றார். மச்சான் தரையைப் பார்த்தான்.

"சரின்னு யாரு சார் சொன்னா?" என்றேன் நான்.

"பேசாம இருந்தா சம்மதம்னுதானேய்யா அர்த்தம்?"

"எங்க ஊர்ல இல்ல."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை.

மிச்சமிருந்த பாதித் துறையில் பெண்கள் இடத்துக்கு முட்டிக்கொண்டார்கள். சேர்ந்தே இறங்கியவர்கள் சண்டை போட்டுக்கொண்டு திரும்பினார்கள். இந்த வருஷம், அந்தப் பாதிக்கும் திட்டம் என்று சேதி வந்தது. அவர்கள் கூட்டம் போட வருவதற்கு முதல் நாள் சாயங்காலமே தலைவர் ஊரைக் கூட்டினார்.

"நாளைக்கு மரியாத கிரியாதயெல்லாம் பாக்க வேணாம். வேணாம்னு வாயத் தொறந்து கத்துங்க."

"சரி" என்று ஊரே சொன்னது.

மறுநாள் அதே அதிகாரி மைக்கைப் பிடித்து வணக்கம் சொன்னார்.

"வேணாம்" என்றது ஊர்.

அவர் திகைத்து, எல்லாரும் முதலில் டீ குடிக்கலாமே என்றார்.

"வேணாம்."

படத்தை விரிக்கவே விடவில்லை. டீக்கேன் நிறைந்தபடியே ஜீப்பில் ஏறியது. எல்லாரையும்விட என் சத்தம்தான் ஜாஸ்தி என்று மச்சான் இப்போது ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

பொக்லைன் இன்னும் வரவில்லை. வராது என்றும் யாரும் சொல்லவில்லை. அவர்களை நான் நம்பவில்லை. ரோட்டில் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்க்கிறேன். தண்ணீரில் நிற்கும் மனைவி நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள். வாயில் பறி இருப்பதால் கேட்க முடியாது. அவர்கள் இல்லை என்று தலையை ஆட்டுவேன். அவள் மறுபடி குனிவாள்.