மணப்பெண் இறங்கிய வேகத்தடை

கல்யாணத்துக்கு முன்பே என் கணவர் ஒரு ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரோடு குடும்பம் நடத்தினார். பந்தயங்களில் ஓடுகிற ரகமாம். பின்னால் இறக்கை, கதவில் பந்தய இலக்கம், தரையைத் தேய்க்கும் உயரம். லண்டனில் அது மணிக்கு இருபது மைலுக்கு மேல் ஓடி நான் கண்டதில்லை.

அங்கே எட்மண்டன் பகுதி மண்டபம் ஒன்றில் தாலி கட்டி முடிந்து அதில்தான் புறப்பட்டோம். முதல் தெருவிலேயே ஒரு வேகத்தடை. காரை நிறுத்தினார்.

"கொஞ்சம் இறங்கி நடந்து வாரும். பாரம் கூட, அடி முட்டும்."

தாலி கட்டியபின் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. யார் மூத்தாள், யார் இளையாள் என்று அப்போதே விளங்கிவிட்டது. கூறைச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அவர் தலையை வெளியே நீட்டி, அடி உரசுகிறதா என்று பார்த்தபடி அங்குலம் அங்குலமாகக் காரை ஏற்றினார்.

பக்கத்துத் தரிப்பில் பஸ் நின்றது. என் கோலத்தைப் பார்த்த சாரதி, காசு வேண்டாம் என்று கையசைத்து ஏற்றினார்.

மாமி ஆராத்தித் தட்டோடு வீட்டு வாசலில் நின்றார்.

"பிள்ளை, அவன் எங்க?"

"பின்னால வாறார், மாமி."

இன்றும் தொலைக்காட்சியில் கார்ப் பந்தயம் போனால், யார் யாரை எப்படி முந்துகிறான் என்று எனக்கு விளக்குவார். நானும் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருப்பேன். பஸ்ஸைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.